சிடி படத்தில் எல்லாம் பிறை பிறையாக வருகிறது, அவசர உதவி தேவை

இறுதியாண்டு_லேப்
வணக்கம். புராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன சிடி ஸ்கேனர் (பல கோணத்தில் எடுத்த எக்ஸ்ரே படங்களிலிருந்து உள்ளே இருப்பதைக் காட்டும் கருவி) செய்கிறோம். எக்ஸ்ரே படங்கள் எடுத்தாயிற்று, பைத்தானில் ஃபில்டர் போட்டு பேக் புரொஜெக்ஷன் (ஒவ்வொரு கோணத்து அளவையும் வந்த கோட்டிலேயே திரும்பப் பரப்பிக் கூட்டுவது) எழுதியாயிற்று, ஆனால் புள்ளியாக வர வேண்டியதெல்லாம் பிறை மாதிரி வருகிறது. ராம்-லேக் ஃபில்டரை எடுத்துவிட்டு ஷெப்-லோகன் போட்டுப் பார்த்தேன், அதேதான். கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிய மாதிரிப் படத்துக்கு இதே நிரல் சரியாக வேலை செய்கிறது. வியாழக்கிழமை வைவா. தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

மின்மினி
என்ன பொருளை வைத்து எடுத்தீர்கள்? எத்தனை டிகிரி சுற்றினீர்கள், 180ஆ 360ஆ? டிடெக்டரில் (கதிரைப் பதிவுசெய்யும் தட்டு) எத்தனை பிக்சல்? லாக் (மடக்கை) எடுத்தீர்களா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

கோணமானி
கோணங்கள் போதவில்லை, அவ்வளவுதான். ஒரு வரிசையில் 512 பிக்சல் இருந்தால் அரைச் சுற்றுக்குச் சுமார் 800 படம் வேண்டும். எல்லோரும் டிகிரிக்கு ஒன்று எடுத்துவிட்டு வந்து கேட்கிறார்கள். படங்களைக் கூட்டுங்கள், சரியாகிவிடும்.

ஸ்கேன்_அறை
நான் சிடி டெக்னீஷியன், 11 வருஷம். எனக்கு டிடெக்டர் மேல்தான் சந்தேகம். ஒரு செல் கெட்டுப்போனால் அது எல்லாக் கோணத்திலும் ஒரே தப்பைச் சொல்லும், படத்தில் வளையம் விழும். அரைச் சுற்று எடுத்திருந்தால் அரை வளையம், அதாவது பிறை. நாங்கள் தினமும் காலையில் ஆள் இல்லாமல் வெறும் காற்றை ஸ்கேன் செய்து காலிபிரேஷன் போட்ட பிறகுதான் முதல் நோயாளியை உள்ளே விடுவோம். நீங்கள் செய்தீர்களா தம்பி?

பழைய_பெட்டி
இந்தக் கேள்வி வருஷம் தவறாமல் வருகிறது. நிரலைத் தொடுவதற்கு முன் ஒரு நாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் இங்கே கேட்க வேண்டி இருந்திருக்காது. சரி, சொல்கிறேன். டிடெக்டர் பார்ப்பது பொருளின் அடர்த்தியை அல்ல, பொருளைக் கடந்து மிச்சம் வந்த கதிரை. சிடி குழாயின் கதிர் 6 செமீ தண்ணீரைக் கடந்தால் சுமார் 30 சதவீதம் மிஞ்சும். 12 செமீ என்றால் 15 அல்ல, சுமார் 9 சதவீதம். பெருக்கலாகக் குறைகிறது. அதனால்தான் மிஞ்சியதைப் பொருள் இல்லாதபோது வந்த அளவால் வகுத்து, லாக் எடுத்து, குறியை மாற்ற வேண்டும். அப்போதுதான் அந்தக் கோட்டில் இருக்கிற எல்லாவற்றின் கூட்டுத்தொகை கையில் கிடைக்கும். அந்தக் கூட்டுத்தொகைகளைத்தான் பேக் புரொஜெக்ஷன் கேட்கிறது. இதைச் செய்யாதவருக்கு எந்த ஃபில்டரும் உதவாது.

இறுதியாண்டு_லேப்
மன்னிக்கவும், எழுதியிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், உள்ளே 3 அலுமினியக் கம்பிகள். மோட்டார் தட்டில் வைத்து 0 முதல் 180 டிகிரி வரை 181 படம், அகலம் 512 பிக்சல். குழாய் தள்ளி இருக்கிறது, பாட்டில் டிடெக்டரை ஒட்டி இருக்கிறது, அதனால் கதிர்கள் இணையாக வருவதாக வைத்துக்கொண்டேன். லாக் எடுத்தேன் சார். காற்றுப் படம் தனியாக எடுக்கவில்லை, ஒவ்வொரு படத்திலும் அதிக வெளிச்சமான பிக்சலால் வகுத்தேன்.

மின்மினி
இப்போது பேசலாம். ஒரே ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பிறைகள் எல்லாம் படத்தின் நடுவைப் பொதுவாகக் கொண்டு, பெரிதும் சிறிதுமாக ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றனவா? அல்லது ஒவ்வொரு கம்பிக்கும் அதனதன் இடத்தில் தனிப் பிறையா? முன்னது என்றால் ஸ்கேன்_அறை சொல்வதுதான், டிடெக்டர். பின்னது என்றால் வேறு.

கோணமானி
நான் திரும்பவும் சொல்கிறேன், 181 படம் 512 பிக்சலுக்குப் போதவே போதாது. ஒரு விஷயம், ராம்-லேக் என்று சாதாரணமாகச் சொல்கிறீர்களே, அந்த ராம் நம் ஜி. என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜனின் முச்சுருளைக் கண்டுபிடித்த அதே மனிதர். லேக் என்பது லட்சுமிநாராயணன். அவர்கள் கணக்கை வைத்துத்தான் சிடி ஸ்கேனரே வந்தது, நோபல் மட்டும் வேறு ஆட்களுக்குப் போனது.

பழைய_பெட்டி
அப்படி இல்லை. சிடி ஸ்கேனரை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியை ஸ்கேன் செய்தது 1971 அக்டோபர் 1. ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் கட்டுரை வந்ததும் அதே 1971தான். அந்த முதல் கருவி டிகிரிக்கு 160 அளவு வீதம் 180 கோணம், மொத்தம் 28,800 அளவுகள் எடுத்து, 80க்கு 80 கட்டங்களின் மதிப்பைத் திரும்பத் திரும்பத் திருத்திக் கண்டுபிடித்தது. ஃபில்டர் முறை அதில் இல்லை. அந்த முறையும் முதலில் வந்தது ரேடியோ வானியலில், 1967இல் பிரேஸ்வெல்லும் ரிடிலும் எழுதினார்கள். கோட்டுக் கூட்டுத்தொகைகளிலிருந்து உருவத்தை மீட்கலாம் என்று கணித அறிஞர் ராடான் 1917லேயே காட்டிவிட்டார்.

கோணமானி
யார் முதலில் எழுதினார் என்பது வேறு, யாருடையது பயன்பாட்டில் நின்றது என்பது வேறு. ஃபூரியர் மாற்றத்துக்கு (அளவுகளை அலைகளாகப் பிரிக்கும் கணக்கு) போகாமல் நேரடியாகக் கன்வல்யூஷனில் (பக்கத்து அளவுகளை எடையிட்டுக் கூட்டுவது) முடிக்கலாம், அதுவும் வேகமாக முடிக்கலாம் என்று செய்து காட்டியது அவர்கள்தான். பிறகு எத்தனையோ வருஷம் சிடி கருவிகள் ஓடியது அந்த வழியில். பெயரே ஃபில்டரில் இருக்கிறது. அதைச் சொன்னால் ஏன் உடனே தள்ளுகிறீர்கள்?

பழைய_பெட்டி
தள்ளவில்லை. அவர்கள் கட்டுரையை நான் வகுப்பிலேயே நடத்தியிருக்கிறேன். அவர்கள் செய்தது பெரிய வேலை, அதற்கு அவர்கள் செய்யாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்கிறேன். நோபல் 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போனது. கார்மாக் 1963லேயே கணக்கை எழுதியவர். அது நியாயம்தான்.

ஸ்கேன்_அறை
அந்தப் பையனுக்கு வியாழக்கிழமை வைவா. வரலாற்றை அப்புறம் பேசலாமே.

இறுதியாண்டு_லேப்
பார்த்தேன் அண்ணா. ஒவ்வொரு கம்பிக்கும் அதன் இடத்தில் தனிப் பிறை, மூன்றும் ஒரே அளவு, ஒரே பக்கம் பார்த்தபடி. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 18 பிக்சல்.

மின்மினி
அப்படியானால் சுழல் மையம்தான். பாட்டில் சுழல்கிற அச்சு டிடெக்டரின் நட்ட நடுவில் விழுகிறது என்று உங்கள் நிரல் நம்புகிறது, அது சற்றுத் தள்ளி விழுகிறது. தள்ளியிருப்பது 9 பிக்சல் என்றால், ஒவ்வொரு கோணத்திலும் திரும்பப் பரப்புகிற கோடு கம்பியின் மேல் போகாமல் 9 பிக்சல் விலகிப் போகும். எல்லாக் கோணத்திலும் அப்படி விலகுகிற கோடுகள் கம்பியைச் சுற்றி 9 பிக்சல் ஆரத்தில் ஒரு வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகும். முழுச் சுற்று எடுத்திருந்தால் முழு வளையம் வந்திருக்கும், நீங்கள் அரைச் சுற்று, அதனால் பிறை. உங்கள் 18 இதோடு பொருந்துகிறது. மாதிரிப் படத்தில் சரியாக வந்ததும் இதனால்தான், அங்கே மையம் தானாகவே நடுவில் இருக்கும்.

நல்லவேளை 181 படம் எடுத்தீர்கள். 0 டிகிரி படமும் 180 டிகிரி படமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஒரே கம்பி இரண்டிலும் எந்தப் பிக்சலில் இருக்கிறது என்று பாருங்கள், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அதுதான் மையம். பிறகு அந்த 181வது படத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஒரே கோணம் இரண்டு முறை வரும்.

பழைய_பெட்டி
மையம் சரி. ஆனால் ஒவ்வொரு படத்தையும் அதனதன் அதிக வெளிச்சத்தால் வகுத்தது தப்பு. ஒரே ஒரு பிக்சலின் மதிப்பு தற்செயலாக ஏறினால் அந்தக் கோணம் முழுக்க மதிப்பு மாறிவிடும். காற்றுப் படம் ஒன்று, குழாயை அணைத்து இருட்டுப் படம் ஒன்று, இரண்டும் எடுங்கள். எந்த வடிவத்தில் சேமித்தீர்கள்?

இறுதியாண்டு_லேப்
ஒரு கம்பி 0இல் 300, 180இல் 229. மையம் 264.5, நான் 255.5 என்று வைத்திருந்தேன். மாற்றினேன், மூன்று கம்பியும் புள்ளியாக வந்துவிட்டன!! மிக்க நன்றி அண்ணா. சேமித்தது ஜேபெக் சார், மென்பொருளே வெளிச்சத்தைச் சரிசெய்து கொடுத்தது. தண்ணீர் மட்டும் நடுவில் கருத்து, ஓரத்தில் வெளுத்து இருக்கிறது.

ஸ்கேன்_அறை
அந்தக் கருமைக்குக் காரணம் கதிர் கடினமாவது தம்பி. சக்தி குறைந்த கதிர் முதலிலேயே தண்ணீரில் நின்றுவிடும், மிஞ்சியது சுலபமாக ஊடுருவிப் போகும், அதனால் நடுப்பகுதி லேசானது மாதிரி தெரியும். குழாய் வாயில் மெல்லிய செம்புத் தகடு வைத்து எடுத்தால் குறையும். எங்கள் கருவியிலும் அங்கே தகடு இருக்கிறது.

பழைய_பெட்டி
ஜேபெக் வேண்டாம். 16 பிட்டில், தானியங்கித் திருத்தம் இல்லாமல், நாளைக் காலையே மறுபடி எடுங்கள். எடுத்தபின் தண்ணீரை 0, காற்றைக் கழித்தல் 1000 என்று வைத்து ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுக்கு மாற்றி, நடுவிலும் ஓரத்திலும் தண்ணீருக்கு என்ன மதிப்பு வருகிறது என்று இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.

கோணமானி
கம்பிகளிலிருந்து மெல்லிய கோடுகள் நாலாபக்கமும் சிதறுகின்றனவா? அது கோணம் போதாததால் வருவது. மறுபடி எடுக்கும்போது 800 எடுங்கள்.

மின்மினி
தம்பி, தண்ணீர் மதிப்பு என்ன வந்தது? குழாய் எத்தனை கேவியில் (கிலோவோல்ட்) ஓடுகிறது என்று கடைசி வரை சொல்லவே இல்லையே.