தவணைக் கடன்: நடுவில் மனசு விட்டுப்போகும் மாதங்களை எப்படிக் கடந்தீர்கள்?

ஈரோட்டுக்காரன்:

கடனைக் கட்டத் தொடங்கிய முதல் மூன்று மாதம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பயம் இருந்தது, கொஞ்சம் வீம்பும் இருந்தது. கடைசி சில மாதங்களும் அப்படித்தான், கரை தெரிந்துவிட்டதே. ஆளைச் சாய்த்தது இரண்டுக்கும் நடுவில் இருந்த காலம்தான். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் நான் ஆரம்பிக்கிறேன்.

2021 கடைசியில் இரண்டு கிரெடிட் கார்டிலும் சேர்த்து 1,84,000 ரூபாய் பாக்கி. பாதி அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு. மீதியையும் ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே எழுதிவிடலாம், சொந்தக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது ஒரு பெரிய டிவி, தங்கச்சி சீமந்தத்துக்குச் செய்த சீர், அப்புறம் எதற்குத் தேய்த்தேன் என்றே நினைவில்லாத சின்னச் சின்ன செலவுகள்.

மாதா மாதம் மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகையை மட்டும் கட்டினேன். என் கார்டில் அது பாக்கியில் 5 சதவீதம், அதாவது 9,200 ரூபாய். இவ்வளவு கட்டியும் ஏன் குறையவில்லை என்று ஒரு நாள் பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 6,440. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1,159. ஆக 7,600 ரூபாய் வட்டியிலேயே போய்விட்டது. கடனில் குறைந்தது வெறும் 1,600. போதாததற்கு, பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக ஏதாவது வாங்கினால் வழக்கமான வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பால் பாக்கெட்டுக்குக்கூட வட்டி கட்டியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒரு வங்கியில் 16 சதவீதத்தில் 36 மாதத்துக்குத் தனிநபர் கடன் வாங்கி இரண்டு கார்டையும் அடைத்தேன். தவணை 6,469. 2022 ஜனவரி 5 முதல் தவணை. ஒரு கார்டை மூடினேன், இன்னொன்றை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். எங்கே வைத்தாள் என்று இதுவரை தெரியாது.

ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது. சம்பளம் 1ஆம் தேதி, தவணை 5ஆம் தேதி. அந்த நாலு நாள்தான் ஆபத்து. ஒரு தடவை கணக்கில் 300 ரூபாய் குறைந்துபோய்த் தவணை திரும்பிவிட்டது. அபராதம் இரண்டு பக்கமும் போட்டார்கள். அதிலிருந்து சம்பளம் வந்த அன்றைக்கே 6,500 ரூபாயைத் தவணைக்கென்று தனியாக வைத்த கணக்குக்கு மாற்றிவிடுவேன்.

2023 ஜூன், பதினெட்டாவது தவணை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வேறு. சரி, பாதி முடிந்ததே என்று பாக்கியைப் பார்த்தால் 1,02,900 காட்டுகிறது. நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்தது 92,000. ஏமாற்றிவிட்டார்கள் என்றே முடிவு கட்டி, சண்டை போடுகிற தோரணையில் கிளைக்குப் போனேன்.

அங்கே ஓய்வுபெறப் போகிற வயதில் ஓர் அம்மா இருந்தார். நான் கத்தி முடிக்கும் வரைக்கும் காத்திருந்து, தவணை அட்டவணையை இரண்டு பக்கத்தில் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். முதல் தவணையில் வட்டி 2,453, அசல் 4,016. பதினெட்டாவதில் வட்டி 1,439, அசல் 5,030. மொத்தம் அதே 6,469தான், உள்ளே இருக்கிற பங்குதான் மாறிக்கொண்டே வருகிறது. "எத்தனை தவணை கட்டினோம்னு எண்ணாதீங்க தம்பி, மனசு விட்டுப்போகும். இந்த வட்டிக் கட்டத்தை மட்டும் பாருங்க, மாசாமாசம் இறங்கிக்கிட்டே வரும்" என்றார். வெளியே வந்து டீ குடித்தபோது, சண்டைக்குப் போனதற்கு வெட்கமாக இருந்தது.

அந்த இரண்டு தாளையும் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினோம். மாதம் ஒரு வரியை மனைவி அடிப்பாள். வட்டி ஆயிரத்துக்குக் கீழே போகிற அன்றைக்கு மட்டன் என்று பேச்சு. அது 25ஆவது தவணை, 2024 ஜனவரி 5, வட்டி 951. அன்றைக்கு வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டது, எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாது. ஞாயிறு வரைக்கும் பொறுத்திருந்து சாப்பிட்டோம்.

எனக்கு உதவியது இந்த ஒரு தாள்தான். உங்களுக்கு எது உதவியது? எது கெடுத்தது? அதையும் சொல்லுங்கள்.

நிலக்கோட்டைப் பூக்காரி:

அண்ணா, உங்கள் லட்சக் கணக்கு எனக்குப் பழக்கமில்லை. என்னுடையது குழுக் கடன். 25,000 ரூபாய், வாரம் 545, மொத்தம் 52 வாரம். புதன்கிழமை பத்து மணிக்குக் கட்ட வேண்டும். உங்களுக்கு மாதம் ஒரு 5ஆம் தேதி, எங்களுக்கு வாரா வாரம் ஒரு 5ஆம் தேதி.

நான் பூக் கட்டி விற்கிறேன். முகூர்த்தம் இருந்தால் கையில் காசு, இல்லாவிட்டால் இல்லை. மார்கழியில் பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை எங்கேயோ போய்விடும். கேட்கிறவர்கள் விலை ஏறினால் பூக்காரிக்கு லாபம் என்று நினைக்கிறார்கள். விலைக்கு வாங்கிக் கட்டுகிறவளுக்கு அதில் என்ன லாபம்? முதலுக்கே காசு பத்தாது, வாங்க வருகிறவர்களும் முழம் கேட்ட இடத்தில் அரை முழம் கேட்பார்கள்.

முதலில் செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் பணம் தேடுவேன். பக்கத்து வீடு, எதிர் வீடு, அண்ணாச்சி கடை. அந்த ராத்திரித் தூக்கம் வாராவாரம் போனது. அப்புறம் எங்கள் குழுவில் ஒரு பெரியம்மா சொல்லிக்கொடுத்தார்: வாரத்தை நினைக்காதே, நாளை நினை. ஒரு நாளைக்கு 80 ரூபாய். காலையில் முதல் சரம் விற்ற காசிலிருந்தே எடுத்து மஞ்சள் டப்பாவில் போட்டுவிட வேண்டும், ராத்திரி மிச்சத்தில் போடலாம் என்று விடக் கூடாது. ராத்திரிக்கு மிச்சம் என்று ஒன்று இருக்கவே இருக்காது.

ஏழு நாளைக்கு 560. கட்டுவது 545. பதினைந்து ரூபாய் டப்பாவிலேயே கிடக்கும். போட முடியாத நாளும் உண்டு, அடுத்த நாள் 160 போடுவேன்.

இடையில் எங்கள் குழுவில் ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூர் போய்விட்டாள். அவள் தவணையை மூன்று வாரம் நாங்கள் பிரித்துக் கட்டினோம். கோபத்தில் நானும் நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை, டப்பாவைத் திறந்து எண்ணச் சொன்னார். எண்ணினேன். அவ்வளவுதான், அந்த வாரமும் கட்டிவிட்டேன். போனவள் பிறகு பணம் அனுப்பினாள், அது வேறு கதை.

மருந்துப் பை:

நான் கெட்ட கதை சொல்கிறேன். கார்டில் 90,000 பாக்கி. ஒரு வருஷம் இழுத்துக்கொண்டு கட்டினேன், பிறகு வெறுத்துப்போய் நிறுத்திவிட்டேன். வசூலுக்குப் பேசியவர் 40,000 கொடுத்தால் முடித்துவிடலாம் என்றார். பாதிக்கும் கீழே என்றதும் யோசிக்காமல் கொடுத்தேன், நண்பர்களுக்குப் பார்ட்டி வேறு.

இரண்டு வருஷம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போனால், சிபில் அறிக்கையில் (யார் எந்தக் கடனை எப்படிக் கட்டினார் என்ற பதிவு) அந்தக் கணக்கு 'குளோஸ்டு' என்று இல்லை, 'செட்டில்டு' என்று நிற்கிறது. முழுசாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவன் என்று அதற்கு அர்த்தம். பழைய மீதி 50,000 ரூபாயையும் கட்டிச் சான்றிதழ் வாங்கி, அதை 'குளோஸ்டு' என்று மாற்றிய பிறகே என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஈரோட்டு அண்ணன் சொன்ன அந்தப் பாதிவழியில்தான் நான் விழுந்தேன். எனக்கு யாரும் தாள் காட்டவில்லை என்று சொல்லலாம். ஆனால் நான் கேட்கவும் இல்லை.

வசூல்காரர்கள் ராத்திரி பத்து மணிக்கெல்லாம் போன் செய்தார்கள். காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருப்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு, நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுத்தேன், போன் நின்றது.

மூணு பவுன்:

எங்களுக்கு ஐந்து கடன்: பைக், நகைக்கடன், கார்டு, சீட்டு எடுத்த பாக்கி, என் கணவரின் நண்பர் கொடுத்த 15,000 கைமாற்று. வட்டி அதிகமுள்ளதை முதலில் அடை என்பார்கள். கணக்குப்படி அது சரி, கார்டைத்தான் முதலில் அடைத்திருக்க வேண்டும். நாங்கள் முதலில் அடைத்தது வட்டியே இல்லாத அந்தக் கைமாற்றை.

காரணம், அந்த நண்பர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததுதான் பெரிய தொல்லை. அவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போகாமல் இருந்தோம், கோயிலில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பினோம். நாலு மாதத்தில் அதைக் கொடுத்து முடித்த அன்றைக்கு அவர் வீட்டில் காபி குடித்துவிட்டு வந்தோம். அப்படி மனசு நிமிர்ந்த பிறகுதான் மற்ற நாலையும் உட்கார்ந்து எழுத முடிந்தது. வட்டியில் எங்களுக்குச் சில ஆயிரம் நஷ்டம் இருக்கும். இருக்கட்டும்.

நகைக்கடனில் மட்டும் ஏமாந்தோம். வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தோம், அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. மூன்று வருஷம் கழித்து நகை மதிப்பீட்டாளர்தான் கேட்டார், "ஏம்மா, வட்டி கட்ட வரும்போது அசல்லயும் அஞ்சாயிரம் பத்தாயிரம் கட்டலாமே, கட்டக்கூடாதுன்னு யார் சொன்னா?" யாரும் சொல்லவில்லை. நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

செயின் போன மாதம் வீட்டுக்கு வந்துவிட்டது. கழுத்தில் போட்டால் கனமாக இருக்கிறது, பழக்கம் விட்டுப்போயிற்று.

ஈரோட்டுக்காரன்:

எல்லாவற்றையும் படித்தேன். மூணு பவுன் அக்கா சொன்ன கைமாற்று விஷயம் எனக்குச் சுருக்கென்று பட்டது. எனக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார், பேர் சொல்லப் போவதில்லை. இந்த வாரம் போய்ப் பார்க்கிறேன்.

மருந்துப் பை தம்பி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 2024 டிசம்பரில் என் கடைசித் தவணை போனது. போய்விட்டது என்று சும்மா இருந்துவிடாமல் கிளைக்குப் போய்ப் பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கையில் வாங்கினேன். கொஞ்ச நாள் கழித்துச் சிபில் அறிக்கையையும் எடுத்துப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தருகிறார்கள், அதற்குப் பணம் கேட்கிற இடைத்தரகர் யாரும் வேண்டாம். 'குளோஸ்டு' என்றுதான் இருந்தது. சான்றிதழ் வாங்கப் போனபோது அந்த அம்மாவைத் தேடினேன், ஓய்வு பெற்றுப் போய்விட்டாராம்.

பூக்காரி தங்கச்சி, ஒரு கேள்வி. வாரம் 15 ரூபாய் என்றால் 52 வாரத்துக்கு 780 ரூபாய் டப்பாவில் நின்றிருக்குமே, அதை என்ன செய்தீர்கள்?

நிலக்கோட்டைப் பூக்காரி:

கணக்குச் சரிதான் அண்ணா, 780. எவர்சில்வர் குடம் வாங்கினேன். கடைக்காரர் 850 சொன்னார், ஒரு ரூபாய் குறைக்கவில்லை. மீதி 70 ரூபாயை அன்றைய முதல் சரத்துக் காசிலிருந்து போட்டேன்.