ஜாங்கோ + வீட்: லோக்கலில் ஓடுகிறது, சர்வரில் மேனிஃபெஸ்ட் கிடைக்கவில்லை

கேள்வி:
ஜாங்கோ 5 (பைதான் வெப் ஃபிரேம்வொர்க்), வீட் 6 (Vite, ஃப்ரண்ட்எண்ட் பில்ட் கருவி), இரண்டையும் இணைக்கும் ஜாங்கோ-வீட் பேக்கேஜ். 5173 போர்ட்டில் டெவ் சர்வர் ஓடும்வரை எல்லாம் சரி. பில்ட் செய்து, கலெக்ட்ஸ்டேட்டிக் (ஸ்டேட்டிக் கோப்புகளை ஸ்டேட்டிக் ரூட் ஃபோல்டரில் சேர்க்கும் கட்டளை) ஓட்டி, டீபக்கை அணைத்ததும் எல்லாப் பக்கமும் 500 (சர்வர் பிழை). மேனிஃபெஸ்டை (எந்தக் கோப்பு எந்தப் பெயரில் பில்ட் ஆனது என்ற பட்டியல்) படிக்க முடியவில்லை என்கிறது லாக். பில்ட் வெளியீடு விழும் டிஸ்ட் ஃபோல்டருக்குள் கோப்பு இருக்கிறது, ஸ்டேட்டிக் ரூட்டில்தான் காணோம். வீட் கான்ஃபிகில் பில்ட் பகுதியில் மேனிஃபெஸ்ட் ட்ரூ என்றே உள்ளது.

பதில் 1:
அந்த ட்ரூதான் வினை. வீட் 5 முதல், ட்ரூ கொடுத்தால் மேனிஃபெஸ்ட் டிஸ்டுக்குள் ‘.வீட்’ என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். கலெக்ட்ஸ்டேட்டிக்கோ புள்ளியில் தொடங்கும் எதையும் சத்தமில்லாமல் விட்டுவிடும். ட்ரூவுக்குப் பதில் ‘மேனிஃபெஸ்ட்.ஜேசன்’ என்று பெயரையே ஸ்ட்ரிங்காகக் கொடுங்கள். டிஸ்டின் மேல்மட்டத்திலேயே எழுதும், ஜாங்கோ-வீட்டும் இயல்பாக அங்கேதான் தேடும். கலெக்ட்ஸ்டேட்டிக்கின் விலக்குப் பட்டியலையே அணைக்க ஒரு ஆப்ஷன் உண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள், மறைந்திருக்க வேண்டிய கோப்புகளும் பொதுவெளிக்கு வந்துவிடும்.

கூடவே வீட் கான்ஃபிகில் பேஸ் மதிப்பையும் (கோப்பு யூஆர்எல்களின் முன்னொட்டு) பாருங்கள். அது ஸ்டேட்டிக் யூஆர்எல்லோடு பொருந்தி ‘/ஸ்டேட்டிக்/’ என இருக்க வேண்டும். வெறும் ‘/’ என்று இருந்தால் முதன்மை ஸ்கிரிப்ட் வரும், சிஎஸ்எஸ்ஸுக்குள் இருக்கும் படங்கள் 404 ஆகும்.

கேள்வி கேட்டவர்:
பக்கம் வருகிறது, நன்றி. ஆனால் லேஸி லோட் ஆகும் (தேவைப்படும்போது மட்டும் இறங்கும்) திரைகளில் ஸ்டோர் (ஆப்பின் பொதுத் தரவு) காலியாக இருக்கிறது. நெட்வொர்க் டேபில் முதன்மைக் கோப்பு இரண்டு முறை இறங்குகிறது, ஒன்றின் பெயரில் கூடுதலாக இன்னொரு ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து வரும் எழுத்துக் குறி). ஜாங்கோவின் ஸ்டோரேஜ் அமைப்பு மேனிஃபெஸ்ட்ஸ்டேட்டிக்ஃபைல்ஸ்ஸ்டோரேஜ்.

பதில் 2:
வீட் ஏற்கெனவே ஹேஷ் போட்ட பெயருக்கு ஜாங்கோ இரண்டாவது ஹேஷ் போடுகிறது. ஹெச்டிஎம்எல் புதுப் பெயரைக் கேட்கிறது. சங்க் கோப்புக்குள் (பில்ட் பிரித்துவைத்த துண்டு) இருக்கும் இம்போர்ட் வரியோ பழைய பெயரையே கேட்கிறது, ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்ட் இம்போர்ட்டுகளை ஜாங்கோ இயல்பாக மாற்றி எழுதாது. யூஆர்எல் வேறானால் பிரவுசருக்கு அது வேறு மாட்யூல். அதனால் ஸ்டோரும் இரண்டு.

ஒயிட்நாய்ஸ் (ஸ்டேட்டிக் கோப்புகளைப் பரிமாறும் பேக்கேஜ்) வைத்திருந்தால் கம்ப்ரெஸ்ட்ஸ்டேட்டிக்ஃபைல்ஸ்ஸ்டோரேஜுக்கு மாறுங்கள், அது ஹேஷ் சேர்க்காது. நீண்ட கேஷ் வேண்டுமென்றால் அதன் இம்யூட்டபிள் ஃபைல் டெஸ்ட் அமைப்பில், ஹைஃபனுக்குப் பின் எட்டு எழுத்து ஹேஷ் வரும் பெயர்களுக்கு ஒரு ரீஜெக்ஸ் (பெயர் வடிவத்தைப் பொருத்தும் விதி) கொடுத்தால் போதும். அட்மின் கோப்புகளுக்கு மட்டும் நீண்ட கேஷ் கிடைக்காது, அது பெரிய நஷ்டமில்லை.

டிப்ளாயில் முதலில் பில்ட், பிறகு கலெக்ட்ஸ்டேட்டிக். பழைய கோப்புகளை முதலில் அழிக்கும் ‘கிளியர்’ ஆப்ஷனைச் சேர்க்காதீர்கள். பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர் அடுத்த திரைக்குப் போகும்போது பழைய சங்க் 404 ஆகி, திரை வெறுமையாக நிற்கும்.