மறு: லித்தியம் செருகப்படுகிறதா, புகுகிறதா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

> கோபால்ட் ஆக்சைடின் அடுக்குகளுக்கிடையே லித்தியம் அயனிகள் இடைச்செருகல் செய்யப்படுகின்றன.

லித்தியம் அயனி மின்கலத்துக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவரான ஜான் குடினஃபின் ஆய்வு வாழ்க்கை பற்றிய கட்டுரை வரைவில், intercalation என்பதற்கு ‘இடைச்செருகல்’ என்று எழுதிய இந்த வரியைக் கண்டதும் மேலே செல்ல மனம் வரவில்லை. கட்டுரை நன்றாகவே வந்திருக்கிறது. கணிதம் படித்து, போர்க்காலத்தில் ராணுவ வானிலையாளராக இருந்து, கணினி நினைவகத்துக்கான காந்தப் பொருள்களை ஆராய்ந்த ஓர் இயற்பியலாளர் 1976இல் ஆக்ஸ்போர்டின் கனிம வேதியியல் ஆய்வகத்துக்குத் தலைவரான கதையை இவ்வளவு தெளிவாகத் தமிழில் நான் படித்ததில்லை. அதனால்தான் இந்த ஒரு சொல் உறுத்துகிறது.

முதல் மனக்குறை எளியது. இடைச்செருகல் என்றால், பின்னால் வந்த யாரோ ஏட்டில் கைவரிசை காட்டிச் சேர்த்த பாட்டுத்தான் தமிழ் படித்தவருக்கு நினைவு வரும். பதிப்பாசிரியர் அதைத் தேடிப்பிடித்து நீக்குவார். மின்கலத்தில் நுழையும் லித்தியம் அப்படி வேண்டாத சரக்கு அன்று. அது இல்லாவிட்டால் கலமே இல்லை.

இரண்டாவது குறை இலக்கணம் சார்ந்தது. எனக்கு அதுதான் பெரிது. செருகு என்பது பிறவினை; செருகுவதற்கு ஒருவர் வேண்டும். கலத்தில் நடப்பதோ இருவகை. நாம் அதைப் பயன்படுத்தும்போது, அதாவது மின்னிறக்கத்தில், லித்தியம் எதிர்ப்பக்கத்தில் உள்ள கிராபைட்டிலிருந்து (அடுக்கடுக்கான கார்பன்) தானாக வெளியேறி, இடையிலுள்ள மின்பகுளி (அயனிகளைக் கடத்தும் ஊடகம்) வழியே வந்து, கோபால்ட் ஆக்சைடுக்குள் தானாகப் புகுகிறது. ஆற்றல் குறைந்த இடம் அதற்கு அங்கேதான் இருக்கிறது. எலக்ட்ரான் மட்டும் வெளிச்சுற்றின் வழியே போகிறது; நமக்கு மின்சாரமாகப் பயன்படுவது அதுவே. மின்னேற்றும்போது கதை தலைகீழ். வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்து லித்தியத்தை ஆக்சைடிலிருந்து வெளியேற்றுகிறோம், கிராபைட்டுக்குள் புகுத்துகிறோம். புகு, புகுத்து, வெளியேறு, வெளியேற்று. எது தானாக நடக்கிறது, எது நம் செலவில் நடக்கிறது என்பதை வினைச்சொல்லே சொல்லிவிடுகிறது. பாடநூல் ஒரு பத்தியில் விளக்குவதை இங்கே ஒரு ‘த்து’ செய்துவிடுகிறது. இதை ஏன் விட வேண்டும்?

கட்டுரையின் நாயகருக்கும் இந்த வேறுபாடு முக்கியம். 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் எக்ஸான் நிறுவனத்தில் டைட்டானியம் டைசல்பைடை எடுத்துக்கொண்டார். அது லித்தியம் இல்லாமல் தயாரிக்கப்படும் பொருள். எதிர்ப்பக்கம் லித்தியம் உலோகம். அங்கிருந்து லித்தியம் வந்து சல்பைடு அடுக்குகளுக்கிடையே புகுந்தது. ஆனால் மின்னழுத்தம் ஏறத்தாழ 2.5 வோல்ட்தான். மேலும், திரும்ப மின்னேற்றும்போது லித்தியம் உலோகம் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்து குறுக்குச் சுற்றை உண்டாக்கியது. சல்பைடைவிட ஆக்சைடு கூடுதல் மின்னழுத்தம் தரும் என்று குடினஃப் கணித்தார். 1980இல் கொய்ச்சி மிசுஷிமா முதலியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட லித்தியம் கோபால்ட் ஆக்சைடு சுமார் 4 வோல்ட் தந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இந்தப் பொருளுக்குள் லித்தியத்தை யாரும் செருகவில்லை. உலையில் சுட்டெடுக்கும்போதே லித்தியம் உள்ளே இருக்கிறது. முதலில் செய்ய வேண்டியது அதை வெளியேற்றுவதுதான். அப்படியானால் எதிர்ப்பக்கத்தில் ஆபத்தான லித்தியம் உலோகம் தேவையில்லை. வருகிற லித்தியத்தை ஏற்றுக்கொள்ளும் கார்பன் போதும். 1985இல் அகிரா யோஷினோ செய்துகாட்டியதும், 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்ததும் இந்த ஏற்பாட்டைத்தான். முதல் வினை ‘வெளியேற்று’ என்பதில்தான் குடினஃபின் கண்டுபிடிப்பே இருக்கிறது. அதைப் போய் ‘செருகப்படுகின்றன’ என்று எழுதினால் விட்டிங்ஹாமுக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு?

எனவே என் பரிந்துரை இடைப்புகல். (இடைச்செருகலில் ச் வருவதுபோல இங்கே ப் வரும், சந்தியைப் பற்றித் தனி இழை தொடங்கிவிடாதீர்கள்.)

—

> எனவே என் பரிந்துரை இடைப்புகல்.

ஐயா, உங்கள் வாதத்தின் பாதியை ஏற்கிறேன். செருகு எப்போதும் பிறவினை என்பதை ஏற்க மாட்டேன். தூக்கம் வந்தால் கண் செருகுகிறதே, அதை யார் செருகுகிறார்கள்?

தன்வினையும் பிறவினையும் வேண்டுமென்றால் எல்லாருக்கும் பழகிய நுழை இருக்கிறது. நுழைவு, நுழைப்பு. புகல் என்பதற்குச் ‘சொல்’ என்றும் பொருள் உண்டு. ‘புகன்றான்’ என்று படித்த பள்ளி மாணவன் குழம்புவான். இடைநுழைவு என்றால் ஒருவரும் அகராதியைத் தேட வேண்டாம்.

இன்னொன்று. அடுக்கு உள்ள பொருளுக்கு ‘இடை’ பொருந்தும். கட்டுரையின் பிற்பகுதியில் ஸ்பினல் என்னும் படிக அமைப்புள்ள மாங்கனீசு ஆக்சைடும் இரும்பு பாஸ்பேட்டும் வருகின்றன. அவற்றில் அடுக்கே இல்லை. அங்கே எதற்கு இடை?

—

அன்புள்ள நண்பருக்கு,

கண் செருகுவது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணைத் தவிர வேறெதுவும் தானாகச் செருகுவதாக நாம் சொல்வதில்லை. ஒரு தூக்கக் கலக்கத்தை நம்பி மின்வேதியியலுக்குச் சொல் அமைக்க முடியாது.

நுழைவு நல்ல போட்டியாளர். அதைவிடப் புகலை நான் விரும்பக் காரணம், நுழைந்தவர் மறுபக்கமாகப் போய்விடலாம், குடிபுகுந்தவர் தங்குகிறார். லித்தியம் அடுக்கைக் கடந்து போவதில்லை, அங்கே தனக்கென ஓர் இடத்தில் அமர்கிறது. முழுதும் நிறைந்த கிராபைட்டில் ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்பது கணக்கு. கார்பன் தாள்களுக்கிடையேயான தொலைவு 3.35 ஆங்ஸ்ட்ராமிலிருந்து (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) ஏறத்தாழ 3.70க்கு விரிகிறது. நிறமும் மாறுகிறது. கறுப்பாக இருந்த மின்முனை, லித்தியம் ஏற ஏற நீலமாகி, சிவந்து, நிறையும்போது பொன்னிறம் கொள்கிறது. மின்னேற்றிய கலத்தைக் காற்றுப் படாத பெட்டிக்குள் பிரித்துப் பார்த்தவர்கள் அந்தப் பொன்னிறத்தை மறக்க மாட்டார்கள். அணிக்கோவையில் (படிகத்தில் அணுக்களின் ஒழுங்கான வரிசையில்) லித்தியம் அமரும் இடத்தைப் புகலிடம் என்று சொல்லவும் இந்தச் சொல் வழிவிடுகிறது. அதற்காகவே நான் எதிர்க்கட்சிக்குப் போக மாட்டேன். ‘புகன்றான்’ சிக்கல் ஒரு வகுப்பில் தீர்ந்துவிடும்.

அடுக்கு பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. 1983இல் மைக்கேல் தாக்கரே குடினஃபின் ஆய்வகத்தில் காட்டிய ஸ்பினலில் லித்தியம் முப்பரிமாணப் பாதைகளில் செல்கிறது. இரும்பு பாஸ்பேட்டில் ஒரே திசையில் செல்லும் சுரங்கப் பாதை. இவற்றுக்கெல்லாம் பொதுவாக உட்புகல், அடுக்குப் பொருளுக்கு மட்டும் இடைப்புகல் என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்முனைப் பொருளாகப் பயன்படும் சிலிக்கான் இந்த இரண்டிலும் சேராது. அது லித்தியத்துக்கு இடம் தருவதில்லை. தன் கட்டமைப்பையே கலைத்துக்கொண்டு அதோடு உலோகக்கலவையாகிறது, சுமார் மூன்று மடங்கு கூடுதலாகப் பருக்கிறது, அதனால் நொறுங்குகிறது. அங்கே புகல் என்று எழுதினால் நான்தான் முதலில் சண்டைக்கு வருவேன்.

இரும்பு பாஸ்பேட்டைத் தொட்டதால் ஒன்று. வரைவில் ஆறுமுகம் மந்திரத்துக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். போதாது. தமிழகத்தில் பிறந்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்று, ஆக்ஸ்போர்டில் குடினஃபுடன் சேர்ந்து, 1986இல் அவரோடு டெக்சஸின் ஆஸ்டினுக்குப் போனவர். இரும்பு மலிவான தனிமம், ஆனால் ஆக்சைடாக இருக்கும்போது அது தரும் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்கும் குறைவு. அதே இரும்பை மாலிப்டேட்டில் வைத்தால் 3.0, சல்பேட்டில் வைத்தால் 3.6 வோல்ட் என்று 1987, 1989 ஆண்டுகளில் இருவரும் காட்டினார்கள். சல்பரும் ஆக்சிஜனும் இறுக்கமாகப் பிணைந்துகொள்வதால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான சகப்பிணைப்பு தளர்கிறது, இரும்பின் ஆற்றல் மட்டம் கீழிறங்குகிறது, மின்னழுத்தம் ஏறுகிறது. பாடநூலில் வரும் அதே தூண்டல் விளைவுதான். 1997இல் குடினஃப் குழு வெளியிட்ட இரும்பு பாஸ்பேட்டின் வேர் அதில் இருக்கிறது. இன்று எத்தனையோ மின்வாகனங்கள் அந்தப் பொருளில் ஓடுகின்றன. அந்த இரும்பு சல்பேட்டு லித்தியம் இல்லாமல் பிறப்பது. முதலில் உட்புகல், பிறகுதான் வெளியேற்றம். பாஸ்பேட்டோ லித்தியத்தோடு பிறப்பது. பார்த்தீர்களா, இந்தக் கதையைச் செருகலை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது.

பின்குறிப்பு: கேத்தோடை எதிர்மின்வாய் என்று எழுதியிருக்கிறீர்கள். மின்னாற்பகுப்புக்கு அது பொருந்தும். மின்னிறக்கத்தில் இருக்கும் கலத்தில் கேத்தோடுதான் நேர்முனை. கட்டுரை முழுவதும் நேர்முனை, எதிர்முனை என்றே போட்டுவிட்டால் குழப்பம் ஒழிந்தது.

—

இருவருக்கும் நன்றி. நான் இடைநுழைவின் பக்கம்தான் சாய்ந்திருந்தேன்; புகலிடம் என்னை மாற்றிவிட்டது. வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

“மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் கோபால்ட் ஆக்சைடிலிருந்து வெளியேற்றப்பட்டு, எதிர்முனையின் கார்பனுக்குள் புகுத்தப்படுகின்றன, மின்னிறக்கத்தில் அவை அங்கிருந்து வெளியேறி, ஆக்சைடு அடுக்குகளுக்கிடையே மீண்டும் புகுகின்றன. இதற்கு இடைப்புகல் என்று பெயர்.”

மந்திரம் பற்றித் தனிப் பத்தி எழுதுகிறேன். 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது குடினஃபுக்கு வயது 97. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் அவருடைய நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவர் மந்திரம் என்பதையும் அங்கே சேர்த்துவிடுகிறேன். கேத்தோடுகளை நாளை மாற்றுகிறேன், நிறைய இருக்கின்றன.