புதுப்பிப்பு: 16 அடி செஸ்ட்நட் கனூ எந்த வகை என்று தெரிந்துவிட்டது

பழைய மர-கான்வாஸ் கனூ (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு) ஒன்றை வாங்கிவிட்டு, அது கனடாவின் செஸ்ட்நட் நிறுவனத்தின் ப்ராஸ்பெக்டரா அல்லது ‘பேல்’ வகையா என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. இது பேல்.

ஆழத்தை அளக்கச் சொன்ன யோசனைதான் தீர்த்துவைத்தது. நடுவில் இரு விளிம்புகளின் மேல் நேரான சட்டம் ஒன்றை வைத்து, அங்கிருந்து அடிவரை அளந்தேன்: பன்னிரண்டரை அங்குலம். ப்ராஸ்பெக்டர் என்றால் 14 அங்குலமாவது இருக்கும். அகலத்தை நம்பிப் பயனில்லை, இரண்டும் 36 அங்குலத்தை ஒட்டியவை. சமதளத்தில் வைத்தும் பார்க்கலாம். ப்ராஸ்பெக்டரின் முனைகள் நன்றாகத் தூக்கி நிற்கும், இதில் அந்த வளைவு குறைவு.

முனைக்கட்டையில் (படகின் முனையில் வளைந்து எழும் கட்டை) தொடர் எண் தேடும் வழி, ஓல்ட் டவுன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கனூக்களுக்கு அருமையானது. அந்த எண்ணைக் கொண்டு தயாரிப்புப் பதிவையே எடுத்துவிடலாம். செஸ்ட்நட்டுக்கு அந்த வசதி கிடையாது.

விற்றவர் ப்ராஸ்பெக்டர் என்று அடித்துச் சொன்னார். செஸ்ட்நட் நிறுவனம் 1970களின் இறுதியில் மூடப்பட்ட பிறகு அந்தப் பெயரை யார் யாரோ தத்தம் வடிவங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது. நான் எதிர்பாராத செய்தி வேறு: ப்ராஸ்பெக்டரைப் புகழ்ந்த, கனூ பற்றிப் படங்கள் எடுத்த கனடியரான பில் மேசனே தம் படங்களில் பல இடங்களில் ஓட்டியது பேல்தானாம்.