மறு: எம்.பி.ஐ.க்குத் தமிழ்ச் சொல்

ஐயா, வணக்கம். உடலுக்குள் செலுத்திய காந்தத் துகள்களைக் கொண்டு இரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் எம்.பி.ஐ. (magnetic particle imaging) முறைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். நீங்கள் எழுதியது:

> 'காந்தத்துகள் ஆய்வு' என்றே வைத்துக்கொள்ளலாமே.

வேண்டாம். வெல்டிங் பட்டறையிலும் எம்.பி.ஐ. (magnetic particle inspection) உண்டு. பற்றவைத்த இடத்தில் காந்தமேற்றி இரும்புத்தூள் தூவுவார்கள். தூள் கோடாகத் திரண்டால் அங்கே விரிசல். 'ஆய்வு' அவர்களுக்கே இருக்கட்டும். நமக்குக் 'காந்தத்துகள் படிமம்' போதும். இதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை கருவியின் உயிர்நாடியான இன்னொரு சொல்லில். ஹாம்பர்க்கின் பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளைக், வைசெனெக்கர் இருவரும் 2005இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முறைதான் எம்.பி.ஐ. ஒத்த முனைகள் எதிரெதிரே இருக்கும்படி இரு காந்தங்களை வைத்தால், நடுவே ஓரிடத்தில் காந்தப்புலம் அற்றுப்போகும். மற்ற இடங்களில், இரத்தத்தில் செலுத்திய இரும்பு ஆக்சைடு நானோதுகள்கள் காந்தம் நிறைந்து தெவிட்டிக் கிடக்கும். பந்தியில் மூக்குமுட்டச் சாப்பிட்டவர், லட்டு வாளி வருவதைப் பார்த்ததும் இலையை மூடிவிடுவாரே, அப்படி! நொடிக்குச் சுமார் 25,000 முறை மாறும் புலத்தைச் செலுத்தினால், நடுவிலிருக்கும் துகள்கள் மட்டும் புரண்டு புரண்டு சீரிசைகளை (செலுத்திய அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் சைகைகள்) எழுப்பும். அந்த இடத்தைத் தலைக்குள் நகர்த்திக்கொண்டே போனால் இரத்தம் எங்கே ஓடுகிறது, எங்கே தடைபட்டது என்று தெரியும்.

அந்த இடத்தைப் 'புலமற்ற புள்ளி' என்கிறீர்கள். எலியைப் படமெடுக்கும் சிறு கருவிக்குச் சரி. மனிதத் தலை நுழைய வேண்டுமானால் காந்தங்களை விலக்க வேண்டும். புலத்தின் சரிவு (இடத்துக்கு இடம் அது மாறும் வேகம்) தளரும். தெவிட்டாத இடம் உப்பிவிடும். மாறுபுலத்தையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, நரம்பு துடிக்கத் தொடங்கும். ஹாம்பர்க்கின் பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்ட தலையளவுக் கருவியும் இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் உருவானதுதான். ஆக, புள்ளி என்பதே பாதிப் பொய். சில கருவிகளில் அது கோடாகவே இருக்கிறது. 'முடிவிலி' போலப் 'புலமிலி' என்று ஒற்றைச் சொல்லாக வைப்போமே. வேற்றுமை உருபும் ஒட்டும்: புலமிலியை, புலமிலியில்.

---

வணக்கம் அண்ணா. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 'புலம்பெயர்ந்தோர்' என்று தினமும் சொல்லுற எங்களுக்குப் 'புலமிலி' நாடற்றவர் மாதிரித்தான் கேக்குது. பள்ளிக்கூடத்தில காந்த ஊசியை நகர்த்தி நகர்த்தி, அது திசை தெரியாமல் தடுமாறுற இடத்தில பென்சிலால் குறிச்சமே, அதை 'நொதுமற் புள்ளி' எண்டு படிச்சம். அது இருக்கப் புதுசு ஏன்?

---

தம்பி சொன்ன 'நாடற்றவர்' எனக்குத் தோன்றவே இல்லை. அதோடு 'அறிவிலி'யின் வாடையும் அடிக்கிறது. திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் 'நொதுமற் புள்ளி'யிலும் புள்ளி இருக்கிறதே. 'நொதுமற் கோடு' என்று மாற்றலாம். 'நொதுமல்' தமிழ்நாட்டு மாணவருக்கு எட்டாது. சுழி என்றால் பூச்சியம். பூச்சியத்தின் அளவை யாரும் கேட்க மாட்டார்கள். 'புலச்சுழி', 'புலச்சுழிக் கோடு' எப்படி? இதே கருவியில் தொல்லை தரும் சுழல் மின்னோட்டத்தோடு (eddy current) குழம்புமோ என்பதுதான் என் ஒரே பயம். எழுதிப் பார்த்தேன்: "புலச்சுழி வலப்பக்கத் தமனியைக் கடந்தபோது சீரிசை எழவில்லை, அங்கே அடைப்பு."

இந்த வாக்கியம் யாருக்காவது இடறுகிறதா?