பண மசோதான்னு சொல்லிட்டா ராஜ்யசபாவால ஒண்ணுமே பண்ண முடியாதா?

குரூப்1_கனவு:
பாலிட்டி படிச்சிட்டிருக்கேன். பண மசோதா வந்தா ராஜ்யசபா 14 நாளுக்குள்ள திருப்பி அனுப்பணும், திருத்தம் சிபாரிசு பண்ணலாம் ஆனா லோக்சபா அதை ஏத்துக்கணும்னு கட்டாயமில்லன்னு போட்டிருக்கு. வரி, செலவுன்னா சரி. கைரேகை, கருவிழி எடுக்குற ஆதார் சட்டம் எப்படிங்க பண மசோதா ஆச்சு?

கோர்ட்வாசல்:
தம்பி, அரசியல் சாசனத்தோட 110வது பிரிவுல சொன்ன விஷயங்கள் மட்டுமே இருக்கற மசோதாதான் பண மசோதா. அதை முடிவு பண்றது சபாநாயகர், அங்கதான் ஓட்டை. 2016ல ஆளுங்கட்சிக்கு ராஜ்யசபால மெஜாரிட்டி இல்ல, அதனால மானியம் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசோட கஜானாவிலிருந்து போகுதுன்னு காரணம் காட்டி பண மசோதாவா கொண்டுவந்தாங்க. மார்ச் 16ல ராஜ்யசபா 5 திருத்தம் சொல்லுச்சு, தனியார் ஆதாரை பயன்படுத்த வழிவிடுற 57வது பிரிவை எடுக்கணும்கிறதும் அதுல ஒண்ணு, லோக்சபா அன்னிக்கே எல்லாத்தையும் தள்ளிடுச்சு. 2018ல சுப்ரீம் கோர்ட் அதே 57ல தனியாருக்கான பகுதியை ரத்து பண்ணுச்சு, ஆனா அதுக்குள்ள சிம் கார்டுக்கெல்லாம் ஜனங்க ஆதார் குடுத்து முடிச்சாச்சு. அன்னிக்கே காது குடுத்து கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

நெல்லைச்சீமை:
ஆனா சார், அதே தீர்ப்புல 4 நீதிபதிங்க பண மசோதாவா கொண்டுவந்தது செல்லும்னுதானே சொன்னாங்க? சந்திரசூட் ஒருத்தர்தான் அரசியல் சாசனத்துக்கே செஞ்ச மோசடின்னு எழுதினார். அப்புறம் எப்படி தப்புன்னு சொல்றது?

கோர்ட்வாசல்:
நியாயமான கேள்வி. ஆனா கதை அதோட முடியல. 2017 நிதிச் சட்டத்துல தீர்ப்பாயங்களோட விதி, பேர் வெளிய தெரியாம கட்சிகளுக்கு நன்கொடை குடுக்குற தேர்தல் பத்திரம் எல்லாத்தையும் சேர்த்து பண மசோதாவாவே நிறைவேத்தினாங்க, கம்பெனி நன்கொடைக்கு இருந்த, லாபத்துல 7.5 சதவீதம்கிற வரம்பும் அதுலதான் போச்சு. 2019ல அந்த வழக்கு வந்தப்போ 5 நீதிபதிங்க, ஆதார் தீர்ப்புல பண மசோதாவுக்கு சொன்ன விளக்கம் போதாதுன்னு பெரிய பெஞ்சுக்கு அனுப்பினாங்க. தேர்தல் பத்திரம் செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது 2024 பிப்ரவரியில, அதுவரைக்கும் யார் யாருக்கு குடுத்தாங்கன்னு ஓட்டு போடுறவனுக்கு தெரியாது. ராஜ்யசபால ஓட்டெடுப்புல தோத்துரும்னு பயந்து சுத்துவழி தேடுறதை என்னால ஏத்துக்க முடியல.

காவிரிக்கரை:
பண மசோதாவா இல்லாட்டியும் இதே கதிதான். 2020 செப்டம்பர் 20, ராஜ்யசபால வேளாண் மசோதாவை தேர்வுக்குழுவுக்கு அனுப்பணும்னு திமுக எம்பி திருச்சி சிவா தீர்மானம் குடுத்து டிவிஷன் கேட்டார். ஒரு உறுப்பினர் கேட்டாலே ஓட்டை எண்ணணும், ஆனா குரல் வாக்கெடுப்புலயே முடிச்சிட்டாங்க. சபையில ஒழுங்கு இல்ல, ஒரே அமளின்னு துணைத்தலைவர் விளக்கம் குடுத்தார். மறுநாள் 8 எம்பிங்க சஸ்பெண்ட். 2021 நவம்பர் 29ல அந்தச் சட்டங்களை வாபஸ் வாங்கினப்பவும் ரெண்டு சபையிலயும் விவாதமே இல்ல, ஒரு வருஷம் டெல்லி எல்லையில உக்காந்திருந்த விவசாயிங்களுக்கு ஏன் கொண்டுவந்தோம், ஏன் எடுக்கிறோம்னு சபையில விவாதிச்சு விரிவான பதில் கிடைக்கல.