97.8 என்று காட்டினால் பயப்பட வேண்டுமா? பாம்பன் பக்கத்திலிருந்து கனடா வந்தவர்களுக்கு

தம்பி, ஹாலிஃபாக்ஸ் வந்து இரண்டு மாதம் ஆகிறது, இங்கே வானிலைப் பக்கத்தில் காற்றழுத்தம் 97.8 என்று போட்டிருக்கிறது, மண்டபத்தில் அண்ணன் 1009 என்கிறார், இரண்டும் ஒன்றா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் ஊர் பாம்பன்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கனடாவில் கிலோபாஸ்கல். நம் ஊர் வானிலை அறிக்கையில் ஹெக்டோபாஸ்கல். பழைய ஆட்கள் மில்லிபார் என்பார்கள், இரண்டும் ஒன்றேதான். கிலோபாஸ்கலைப் பத்தால் பெருக்கினால் முடிந்தது: 97.8 என்றால் 978. அமெரிக்கச் செயலி 29.50 என்று காட்டினால் அது பாதரச அங்குலம். 29.92 அங்குலம் என்பது 1013 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 0.03 குறைந்தால் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். 29.50-க்கு 0.42 குறைவு, அதாவது 14, ஆக 999. பாதரச மில்லிமீட்டரில் இருந்தால் 750-தான் 1000. கார் டயருக்கு 220 கிலோபாஸ்கல் என்று எழுதியிருந்தால் ஊரில் அடிக்கும் 32 பிஎஸ்ஐ.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் எண்ணை மாற்றத் தெரிந்தால் மட்டும் போதாது. நான் தவறியது அங்கேதான்.

இங்கே எனக்கு முதல் ஜனவரி. ராத்திரி 97.4 என்று பார்த்தேன், 974 என்று மாற்றினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டு எண்ணைச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த எண்ணைக் கேட்டால் 1964 டிசம்பர்தான் நினைவுக்கு வரும். தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் கொண்டுபோன கதையை ஆத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர் அம்மா. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. இங்கேயோ காலையில் பனி தள்ளும் வண்டி வழக்கம்போல வந்தது. அம்மாவை அப்படிக் கலங்க வைத்ததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

நம் கடற்கரையில் அழுத்தம் பெரும்பாலும் 1010-ஐ ஒட்டியே நிற்கும். காலை பத்து மணிவாக்கில் ஏறும், மாலை நாலு மணிவாக்கில் இறங்கும், அந்த ஏற்ற இறக்கம் மூன்று நான்கு புள்ளிதான். அது 1000-க்குக் கீழே போனாலே பாம்பனில் புயல் கூண்டு ஏறியிருக்கும், கடலுக்குப் போக டோக்கன் கொடுக்க மாட்டார்கள். இங்கே அப்படியில்லை. குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் இடம் இது. குளிர்காலத்தில் 1030-உம் வரும், 980-உம் வரும். இன்னொன்று, காற்றைக் கிளப்புவது அந்த எண் இல்லை, பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு நடுவில் இருக்கும் அழுத்த வித்தியாசம். அந்த வித்தியாசத்தை, பூமி சுழல்வதால் காற்றைப் பக்கவாட்டில் திருப்பும் விசை ஈடுகட்டுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக அந்த விசை கூடும். பாம்பன் வடக்கு அட்சரேகை 9 பாகை, ஹாலிஃபாக்ஸ் 44 பாகைக்கு மேல். இங்கே அந்த விசை நான்கு மடங்குக்கும் அதிகம். அதனால் அதே வித்தியாசத்துக்கு இங்கே காற்று குறைவாகத்தான் அடிக்கும்.

அதற்காக அசட்டையாகவும் இருக்காதீர்கள். 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் இந்த மாகாணத்தில் கரையேறியபோது அழுத்தம் 93 கிலோபாஸ்கலை ஒட்டி இறங்கியது. எண்ணை விட அது இறங்கும் வேகத்தைப் பாருங்கள். ஒரே நாளில் 2 கிலோபாஸ்கலுக்கு மேல் சரிந்தால் டார்ச், தண்ணீர், போன் சார்ஜ் எல்லாம் தயாராக இருக்கட்டும்.

அப்புறம், அம்மாவிடம் பேசும்போது அழுத்தத்தைச் சொல்ல வேண்டாம். காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லுங்கள். இரண்டு ஊர் அறிக்கையிலும் அது ஒரே அளவுதான், அவர்களுக்கும் உடனே புரியும்.